'மு' எழுதிய கை

காணாமல் போனது ஒரு பின். ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும், விலை சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது கிடைக்காவிட்டால் மாலை ஐந்து மணிக்கு ஒரு வெல்டர், சொந்த அண்ணனையே கொல்லப் பார்த்தவன் என்ற பெயரோடு மாஜிஸ்திரேட்டிடம் போகும் வேனில் ஏறுவான். கிடைத்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

கிரேன் ஷெட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. முன்னால் போனவர் மீசை. பத்து வருஷத்துக்கு முன்பே மீசையை எடுத்துவிட்டார். பெயர் மட்டும் போக மாட்டேன் என்று முகத்திலேயே தங்கிவிட்டது. பின்னால் வந்தவள் அவருடைய உதவியாளர் ரேடியோ. முப்பத்தைந்து வயது, தூக்கத்திலும் பேசுவாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அவள் கணவனுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

"பாஸ், எனக்கு ஒரு சந்தேகம். நம்மகிட்ட வர்ற கேஸ்ல எல்லாம் நகை காணோம், நாய் காணோம்னு வருவாங்க. இப்ப பின் காணோம். அடுத்து ஊக்கா?"

"பின் காணோம்னா வண்டி கழண்டுடும். ஆள் செத்துடுவான்."

"சாகலையே. அரை உசுரா ஐசியூல இருக்கார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய்தானே, பிரேக் கிடையாது.

வழக்கு இதுதான். ஒரு தையல்கடைத் தம்பதி வேறு ஊருக்குக் கடையை மாற்றுகிறார்கள். வீட்டுக் காருக்குப் பின்னால் ஒரு மூடிய ட்ரெய்லர், பெட்டி மாதிரி, பின்பக்கம் மட்டும் கதவு. காரில் கொக்கி பொருத்தித் தந்தது கணவனின் தம்பி, வெல்டர். பொருத்திய கையோடு அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை. 'இந்த வண்டி போய்ச் சேராது' என்று தம்பி தெருவே கேட்கக் கத்தினான். மறுநாள் காலை கணவர் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு மனைவி பஸ்ஸில் பின்னால் வருவதாக ஏற்பாடு. இறக்கத்தில் கார் தாறுமாறாக ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. கொக்கியைப் பூட்டும் பின் இல்லை என்று போலீஸ் எழுதியது. தையல்காரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "என் கொழுந்தன்தான் பின்னை உருவினான். அதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று ஐசியூ வாசலில் உட்கார்ந்தபடியே மீசைக்குப் போன் போட்டாள்.

கிரேன்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். தாடையில் ஒரு பிளாஸ்திரி.

"முந்தாநேத்து இறக்கத்துல விழுந்த காரை நீங்கதானே தூக்கினீங்க?" மீசை கேட்டார்.

"நானேதான்."

"ட்ரெய்லர் கழண்டு கிடந்துதா?"

"யார் சொன்னா? கார் பள்ளத்துல, ட்ரெய்லர் ரோட்டோரம், ரெண்டும் கைகோத்தபடியே இருந்துது. கழட்டாம எப்படிங்க தூக்கறது? பின்னை உருவினேன், கொக்கியை..."

"நிறுத்துங்க நிறுத்துங்க," ரேடியோ குதித்தாள். "பின்னை உருவினது நீங்களா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்காரனா உருவுவான்?"

"அந்த பின் எங்கே?"

கிரேன்காரர் கொஞ்சம் நெளிந்தார். எழுந்து போய்க் கிரேனின் கருவிப் பெட்டியைக் காட்டினார். மூடிக்குப் பூட்டு இல்லை. பூட்டு இருக்க வேண்டிய துளையில் பளபளவென்று ஒரு பின் நின்றது.

"பூட்டு உடைஞ்சு ஒரு வாரமாச்சு. இது அளவெடுத்துத் தைச்ச மாதிரி நுழைஞ்சுது. போலீஸ்ல யாரும் என்னைக் கேக்கலையே சார்."

ரேடியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டேஷனே தலைகீழாக நின்று தேடிய அந்த பின் இங்கே ஸ்பேனருக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தது!

மீசை சிரிக்கவில்லை. பின்னை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, வளைவு இல்லை. "சங்கிலி போட்டிருந்தாங்களா?"

"ரெண்டு. கொக்கிக்கு அடியில குறுக்கும் நெடுக்குமா, கத்திரி மாதிரி போட்டிருந்துது. ஒருவேளை கொக்கி கழண்டாலும் ட்ரெய்லரோட மூக்கு தரையில குத்தாது. சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கிக்கும். அதைச் சொல்லிக் குடுத்தவன் தொழில் தெரிஞ்சவன் சார். வெல்டிங்கும் அப்படித்தான், சும்மா சொல்லக் கூடாது."

"ரோட்டுல டயர் தடம்?"

"பாம்பு போன மாதிரி இருந்துது. இப்படி, அப்படி, இப்படி. கடைசியில பிரேக்கை அழுத்தியிருக்கார், பாவம். ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சா பிரேக்கையும் தொடக் கூடாது, ஸ்டியரிங்கையும் திருப்பக் கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, சாமி விட்ட வழின்னு நேரா பிடிச்சுக்கணும். சொல்றது சுலபம், அந்த நேரத்துல கால் கேக்குமா?"

"தாடையில என்ன?" என்றாள் ரேடியோ. "வீட்டம்மாவா?"

"அட நீங்க வேற. அந்த ட்ரெய்லர்தான். பின்னை உருவிட்டுத் தூக்கலாம்னு குனியறேன், மூக்கு அதுவா எகிறிக்கிட்டு வந்து தாடையில விட்டுது ஒரு குத்து! கல்யாணமாகி முப்பது வருஷத்துல வெளியாள்கிட்ட அடி வாங்கினது இதான் முதல் தடவை."

மீசை குறிப்பு நோட்டை எடுத்தார். தையல்காரம்மா போனில் சொன்ன ஒரு வரியை ஏற்கனவே அதில் எழுதி வைத்திருந்தார்: 'காலைல அவர் குனியாமலே மாட்டினார். மூக்கு தானா மேல வந்து நிக்குதுடின்னு சிரிச்சார்.' அதற்குக் கீழே 'தாடையில் குத்து' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ரேடியோ எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பின் கிடைச்சாச்சு, வெல்டர் நிரபராதி. பால் பாயசம் சாப்பிடற மாதிரி கேஸ். இன்னும் என்ன பாஸ் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"பின் சரியா இருந்தா, கார் ஏன் விழுந்துது?"

---

ஸ்டேஷன் பின்வாசலில் அந்த ட்ரெய்லர் நின்றிருந்தது. நின்றது என்று எப்படிச் சொல்வது? வாலைத் தரையில் வைத்து, மூக்கை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒரு கான்ஸ்டபிள் தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்.

"சம்பந்தி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என்ன ஒரு மிதப்பு பாருங்க பாஸ்!"

"நீ போய் மூக்குல தொங்கு."

"என்ன?"

"தொங்கு. இறங்குதான்னு பாக்கணும்."

"நான் குண்டுன்னு நேரடியாவே சொல்லலாமே. எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க?"

தொங்கினாள். மூக்கு காரின் கொக்கி உயரம்வரை இறங்கியது, அதற்குக் கீழே வரவில்லை. மீசையும் பக்கத்தில் வந்து அழுத்தினார். அப்போதுதான் முனகிக்கொண்டு தரைக்கு வந்தது. விட்டதும் மறுபடி எகிறியது. மீசை தாடையைக் காப்பாற்றிக்கொண்டார், ரேடியோ செருப்பைப் பறிகொடுத்தாள்.

"இது கொஞ்சமாவது காரோட முதுகை அழுத்தணும்," மீசை மூச்சு வாங்கினார். "மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உட்காரணும். அப்பதான் ட்ரெய்லர் ஒழுங்கா பின்னால வரும். இது அழுத்தல, தூக்கியிருக்கு. காரோட பின் சக்கரத்துக்கு ரோட்டுல பிடியே இருந்திருக்காது."

கதவைத் திறந்தார்கள். உள்ளே பார்த்ததும் ரேடியோவே ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். அவ்வளவு நேர்த்தி. கதவை ஒட்டித் தையல் மெஷின் தலைகள் ஆறு, மோட்டார்கள், இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லர், இரும்புக் கால் வைத்த வெட்டு மேஜை. அந்தக் கோடியில், காரை ஒட்டி வர வேண்டிய பக்கம், துணிச் சுருள்கள், நூல்கண்டுப் பெட்டிகள், தலையில்லாத ஒரு தெர்மோகோல் பொம்மை. எல்லாவற்றையும் துணிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. அத்தனை ஆட்டத்துக்கும் ஒரு நூல்கண்டுகூட உருளவில்லை.

"கதவுக்குப் பக்கத்துல சுவரைப் பார்," என்றார் மீசை.

நீல நிறத் தையல் சாக்கட்டியால் ஒற்றை எழுத்து. 'மு'. அந்தக் கோடியில் பொம்மைக்குப் பின்னால் இன்னொன்று. 'பி'.

"ஐயோ, துப்பறியும் கதையேதான்!" ரேடியோ கையைத் தட்டினாள். "கொலையாளியின் முதல் எழுத்து. 'மு'ன்னா முட்டாள், 'பி'ன்னா பித்தலாட்டக்காரன். ரெண்டு பேர் கூட்டு."

மீசை ஒரு சின்னத் துணிக்கட்டை எடுத்து அவிழ்த்தார். தைக்காமல் வெட்டி மட்டும் வைத்த சட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் அதே நீலம், அதே கை. ஒன்றில் 'மு', ஒன்றில் 'பி'.

"அட, இது முன், பின்!" என்றாள் ரேடியோ. "பின்னைத் தேடி வந்தோம், முன்னும் சேர்ந்து கிடைச்சுது. ஆனா பாஸ், தப்பா இருக்கே. காரு அந்தப் பக்கம்தானே மாட்டும்? அதுதானே முன்னாடி? அங்க போய் 'பி' போட்டிருக்கு. யாரோ வேணும்னே மாத்தி எழுதி..."

மீசை 'மு' என்று எழுதிய ஒரு துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகம் செத்துவிட்டது. இந்த முகத்தை ரேடியோ அதிகம் பார்த்ததில்லை, பார்த்த இரண்டு தடவையும் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள்.

"யார் ஏத்தினது?" என்று கேட்டார்.

"அந்தம்மாதான். சுமை தூக்கறவங்க ரெண்டு பேரை வெச்சு, முதல் நாள் சாயந்திரம். அவர் புதுக் கடையில அலமாரி அடிச்சிட்டு ராத்திரிதான் திரும்பினாராம். ஏன் பாஸ்?"

"ஒண்ணுமில்லை. வா."

---

இன்ஸ்பெக்டர் பின்னை மேஜையில் உருட்டிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். இதை வெச்சு நான் என்ன காலண்டர் மாட்டவா?"

"பின் கடைசி வரைக்கும் மாட்டித்தான் இருந்துது சார். கிரேன்காரர் சாட்சி," என்றாள் ரேடியோ.

"உங்க சாட்சி அப்படிச் சொல்றார். என் ஆள் வேற மாதிரி சொல்றான். காலையில பத்து மணிக்கு அவனே ஒத்துக்கிட்டான். 'நான்தான் செஞ்சேன், எழுதிக்குங்க'ன்னு கையெழுத்தும் போட்டுட்டான். புகார் குடுத்த அம்மா நேர்ல வந்து மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் நான் யோசிக்க முடியும். அஞ்சு மணிக்கு வேன் கிளம்பும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

லாக்கப் கம்பிக்குப் பின்னால் வெல்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் தீப்பொறி பட்ட பொட்டுப் பொட்டான தழும்பு. ரேடியோ பின்னைக் காட்டினாள்.

"இதையா நீங்க உருவினீங்க? இது கிரேன்காரரோட ஸ்பேனருக்கு வாட்ச்மேன் வேலை பாத்துட்டு இருந்துது சார்."

அவன் எழுந்து ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷப்படுவான் என்று ரேடியோ நினைத்தாள். அவன் கண்ணில் பயம் இருந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும். ஏதாவது சாக்கடையில போட்டுடுங்க."

"உங்களுக்கு மூளை கீளை..."

"ரேடியோ," என்று அடக்கினார் மீசை. பையிலிருந்து துணித் துண்டை எடுத்து நீட்டினார். "இதைப் பாத்துட்டீங்க. அதானே?"

வெல்டர் அந்த நீல எழுத்தைப் பார்த்தான். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஆம்பிளை என்றும் பார்க்காமல் அழுதான்.

"விழுந்த அன்னிக்கு ஓடினேன் சார். அண்ணனை ஏத்திட்டுப் போயிட்டாங்க. ட்ரெய்லர் கதவைத் திறந்தேன். கனமெல்லாம் கதவுகிட்ட. சுவத்துல 'மு'. அது எங்க அண்ணி எழுத்து. பதினஞ்சு வருஷமா என் சட்டை எல்லாம் அவங்க தைச்சதுதான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப மாத்தி எழுதினது அவங்களா?" ரேடியோவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "எதுக்கு?"

"மாத்தி எழுதலைங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க. தையல்காரங்களுக்குத் திறப்பு எந்தப் பக்கமோ அதான் முன்பக்கம். சட்டைக்குப் பட்டன் எங்க வருது? முன்னாடி. பேண்டுக்கு ஜிப்பு? முன்னாடி. ட்ரெய்லருக்குத் திறப்பு எது? கதவு."

ரேடியோவின் கை தன்னையறியாமல் தன் சட்டைப் பட்டனுக்குப் போனது.

"'கனத்தை முன்னாடி வைங்க, சக்கர அச்சுக்கு முன்னாடி'ன்னு அண்ணன்கிட்ட சொன்னது நான். அவர் அதை போன்ல அண்ணிகிட்ட சொன்னார். என் வாயில இருந்து அவர் வாய்க்கு, அங்கிருந்து அண்ணி காதுக்கு. 'காரு பக்கம்'னு ஒத்தை வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லலையே!"

"'போய்ச் சேராது'ன்னு கத்தினீங்களே?"

"அது சாபமா சார்? சின்னக் காரு, இவ்வளவு கனத்தை ஒரே நடையில இழுக்காது, ரெண்டு நடையா போடுங்கன்னேன். எனக்கே புத்தி சொல்றியான்னு எகிறினார். அந்தக் கோபத்துல, அப்ப இந்த வண்டி போய்ச் சேராதுன்னு கத்திட்டேன். அண்ணி காதுல அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்துது."

"இதைச் சொல்லி வெளியே வர வேண்டியதுதானே?"

வெல்டர் தலையாட்டினான். "அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா? தான் ஏத்தின சரக்குதான் அவரை அனுப்பி வெச்சுதுன்னு அண்ணிக்குத் தெரிஞ்சா அப்புறம் அவங்க எதுக்கு உசுரோட இருக்கணும்? இப்ப அவங்க ராத்திரி பகலா என்னைத் திட்டிட்டு இருக்காங்க. திட்டட்டும். திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தா மனுஷங்க எப்படியாவது நிமிர்ந்து உட்கார்ந்துடுவாங்க சார். அதைக் கெடுத்துடாதீங்க."

மணி நாலு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் நசுங்குகிறார்கள்.

காரில் ஏறும்போது, "இப்படியே விட்டுட்டா என்ன பாஸ்?" என்றாள்.

"ஏழு வருஷம் உள்ளே இருப்பான்."

"சொன்னா?"

மீசை சாவியைத் திருப்பினார். "இந்தக் கேஸை எடுத்திருக்கக் கூடாது," என்றார்.

---

ஐசியூ வாசலில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. 'பார்வையாளர் நேரம் 5:00 - 5:10' என்று ஒரு பலகை. தையல்காரம்மா பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். மூட்டை கட்டிய அன்று கழுத்தில் போட்ட அளவு நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது.

"வாங்க சார். வாம்மா. கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா," என்றாள் ரேடியோ.

"எங்க ஒளிச்சிருந்தான் பாவி?"

ரேடியோ மீசையைப் பார்த்தாள். மீசை பலகையைப் பார்த்தார். துப்பறிவாளராம்! கொலைகாரனின் கண்ணைப் பார்த்துப் பேசுவார், ஒரு தையல்காரியின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் அரை மணி நேரம்," அந்த அம்மாளே பேசினாள். "நேத்து அஞ்சு மணிக்கு உள்ளே போய், 'ஏங்க, நான்தான்'னேன். சுண்டுவிரல் அசைஞ்சுதும்மா. நர்ஸ்கூடப் பாத்துச்சு. என் குரலுக்குத்தான் அசையுதாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் விடறாங்க. அதுக்காகத்தான் மீதி நேரமெல்லாம் இங்க உட்கார்ந்திருக்கேன்."

"சரக்கு ஏத்தினது நீங்கதானேக்கா?" ரேடியோவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வேற யாரு? அவர் போன்ல சொன்னார், கனமானதெல்லாம் முன்னாடி வைன்னு. மேஜையை நாடா வெச்சு அளந்து, அந்த ரெண்டு ஆளுங்களுக்கும் குழப்பம் வரக் கூடாதுன்னு சாக்கட்டியால குறிச்சு, அச்சுப் பிசகாம செஞ்சேன். முடிச்சு எல்லாம் நானே போட்டது. 'வந்து ஏத்தித் தரேன் அண்ணி'ன்னு அவன் கேட்டான். சண்டை போட்டவன் எதுக்குன்னு நான்தான் வேணாம்னுட்டேன். வந்திருந்தா அங்கேயே ஏதாவது பண்ணியிருப்பான்."

கேட்க முடியவில்லை. ரேடியோ நகத்தைக் கடித்தாள்.

மீசை கடைசியில் அசைந்தார். கோப்பு அட்டையைத் திருப்பி, அதில் பேனாவால் ஒரு பெட்டி வரைந்தார். கீழே இரண்டு சக்கரம். ஒரு பக்கம் கதவு. வேறொன்றும் வரையவில்லை.

"அம்மா, உங்க ட்ரெய்லர் இது. எதை எங்க வெச்சீங்கன்னு குறிச்சுக் காட்டறீங்களா? அதுக்கப்புறம் நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவள் கைப்பையைத் துழாவி நீலச் சாக்கட்டியை எடுத்தாள். தயக்கமே இல்லை. தினம் நூறு தடவை எழுதிய கை. கதவுப் பக்கம் 'மு' என்று போட்டாள். எதிர்ப்பக்கம் 'பி'.

"இங்க மெஷின், மோட்டார், பாய்லர். இங்க துணி."

"சரி," என்றார் மீசை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இப்ப காரை எந்தப் பக்கம் மாட்டினார்?"

"இதோ, இந்தப்..."

சாக்கட்டி 'பி'க்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு சின்னக் கட்டம் போட ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

அவள் படத்தைப் பார்த்தாள். 'மு'வைப் பார்த்தாள். கட்டத்தைப் பார்த்தாள். அட்டையைக் கையில் எடுத்து, தைத்த சட்டையைத் திருப்பிப் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. முன்னாடி. முன்னாடி.

"குனியாம மாட்டினாரே," என்றாள் மெதுவாக. "லேசா இருக்குன்னு சிரிச்சாரே."

ரேடியோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சாக்கட்டியைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்து மூடினாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்கா. அதான் ஒத்துக்கிட்டான். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு அழுதான்."

"பைத்தியக்காரன்," என்றாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. "சின்னப் பையன்ல இருந்து இதே புத்தி. நான் கண்ணாடியை உடைச்சாலும் நான்தான்னு முன்னால வந்து நிப்பான்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு. ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷம்.

அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கதவின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்க்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"சார், என்னைக் கூட்டிட்டுப் போங்க. வேன் கிளம்பறதுக்குள்ள போகணும்." ரேடியோவின் பக்கம் திரும்பினாள். "நீ இரு. அஞ்சு மணிக்கு உள்ளே போ. நீ நிறுத்தாம பேசுவியாமே, இவர் போன்ல சொன்னார். அவர்கிட்ட பேசு. சும்மா விட்டுடாதே. அவருக்குக் காது கேக்கும்."

"அக்கா, என் குரல் அவருக்கு..."

"நான் தம்பியைக் கூட்டிட்டு வரப் போயிருக்கேன்னு சொல்லு."

அவள் வேகமாக நடந்தாள். மீசை பின்னால் ஓடினார். வராந்தாவின் முனை திரும்பும்போது அந்த அளவு நாடா கழுத்திலிருந்து நழுவி விழுந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

ஐந்து மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். "நீங்க யாரு? அவங்க எங்கே?"

"தங்கச்சி," என்று கூசாமல் பொய் சொன்னாள் ரேடியோ.

உள்ளே குழாய்களுக்கு நடுவே ஒரு மனிதர். தலையில் கட்டு. போர்வைக்கு வெளியே ஒரு கை. நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "பேசுங்க. நேத்து நல்லா அசைவு இருந்துது."

ரேடியோ வாயைத் திறந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியும் நிறுத்த முடியாத வாய் அது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் மாப்பிள்ளை காதில் ஜோக் சொன்ன வாய். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. எதைத் தொட்டாலும் அது 'முன்னாடி'யில் போய் முடிந்தது. இரண்டு நிமிஷம் போயிற்று. மூன்று. இன்னொருத்தியின் பத்து நிமிஷத்தை இப்படி வீணாக்குகிறோமே என்று ஸ்டூலைக் கட்டிலை ஒட்டி நகர்த்தினாள்.

மடியில் போன் துடித்தது. மீசையின் செய்தி. 'வேன் கிளம்பவில்லை. அந்தம்மா எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் வரி: சரக்கு ஏற்றியது நான்.'

ரேடியோ போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ஊசிக் குத்து பட்டுப் பட்டுக் காய்த்த விரல்கள்.

"அக்கா உங்க தம்பியைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும், பொய்யில்லாததாக ஏதாவது.

"சாமான் எல்லாம் பத்திரமா இருக்குங்க. நான் பாத்தேன். அக்கா போட்ட முடிச்சு ஒண்ணுகூட அவிழல."

சுண்டுவிரல் அசையவில்லை. அசையும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, நேரம் ஆகிவிட்டது என்று சொல்லும்வரை அந்தக் கையை விடவில்லை.